எழுதியவர் நினைத்தே பார்க்காததை அவருடைய எடுகோள் என்று எப்படிச் சொல்வது? (லாஜிக்கல் ரீசனிங் வினா)

சிறுதூறல்

எல்லாருக்கும் வணக்கம். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்குப் படிக்கிறேன். 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் பகுதியைத் தூக்கிவிட்டு, மதிப்பெண்ணுக்குக் கணக்காகும் லாஜிக்கல் ரீசனிங் பகுதியை இரண்டாக்கிவிட்டார்கள். இதில் தடுமாறினால் வேறெங்கும் ஈடுகட்ட முடியாது. மற்ற வகைக் கேள்விகள் ஓடிவிடுகின்றன. வாதத்தில் சொல்லாமல் விட்ட எடுகோள் எது என்று கேட்டால் மட்டும் எனக்கும் விடைக்குறிப்புக்கும் சண்டை. பயிற்சித்தாளில் வந்த இதைப் பாருங்கள்:

"ஒரு நிறுவனம் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றிருந்ததை நான்கு நாளாக மாற்றியது. அடுத்த ஆறு மாதத்தில் ராஜினாமா செய்தவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆகவே நான்கு நாள் வேலைமுறை அந்த நிறுவன ஊழியர்களின் மனநிறைவைக் கூட்டியிருக்கிறது."

இந்த வாதம் எதைச் சார்ந்து நிற்கிறது?

அ) நான்கு நாள் முறையை எந்த நிறுவனம் கொண்டுவந்தாலும் அங்கே ராஜினாமா குறையும்.
ஆ) அந்த ஆறு மாதத்தில் வெளியே ஆளெடுப்பு சரிந்தது மட்டுமே ராஜினாமா குறைந்ததற்குக் காரணம் அல்ல.
இ) மனநிறைவோடு இருக்கும் ஊழியர் எவரும் ராஜினாமா செய்வதில்லை.
ஈ) நான்கு நாள் முறை வேண்டும் என்று ஊழியர்களே கேட்டிருந்தார்கள்.
உ) ஊழியர் மனநிறைவை அளக்க ராஜினாமா எண்ணிக்கையே மிகச் சிறந்த அளவுகோல்.

விடை ஆ என்கிறார்கள். ஆளெடுப்பு என்ற பேச்சே பத்தியில் கிடையாது. எழுதியவர் மனதில் அது வந்திருக்கவே வாய்ப்பில்லை. மனதில் வராத ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார் என்று எப்படிச் சொல்ல முடியும்? இ-யைப் பாருங்கள். ராஜினாமா ஒரு பக்கம், மனநிறைவு ஒரு பக்கம், நடுவில் பாலம் போட்டமாதிரி கச்சிதமாக இருக்கிறது. இது ஏன் விடை இல்லை?

ஒற்றைக்கொம்பு

நெகேஷன் போட்டுப் பாத்தீங்களா மேடம்? ஆப்ஷனை அப்படியே மறுத்துப் பாருங்க. மறுத்ததும் வாதம் விழுந்துட்டா அதுதான் விடை. விழலைன்னா அடுத்ததுக்குப் போங்க. அவ்வளவுதான் சங்கதி.

ஆ-வை மறுத்தா: "வெளியே ஆளெடுப்பு சரிஞ்சது மட்டுமே காரணம்." அப்போ நான்கு நாள் முறைக்கு இதில் பங்கே இல்ல. வாதம் காலி.

இ-யை மறுத்தா: "மனநிறைவோட இருக்கிற ஊழியர்ல யாரோ ஒருத்தராவது ராஜினாமா பண்றாரு." இருந்துட்டுப் போகட்டும். குடும்பத்தோட வேற ஊருக்குப் போறவரு, மேல்படிப்புக்குப் போறவரு இருப்பாங்க. அதனால இந்த வாதத்துக்கு என்ன நஷ்டம்? ஒண்ணும் இல்ல.

சிறுதூறல்

செய்து பார்த்தேன். ஆனால் ஆ-வை மறுத்தாலும் ஊழியர்கள் மனநிறைவோடு இருக்கலாம் அல்லவா? ஆளெடுப்பு சரிந்ததால்தான் யாரும் போகவில்லை. அதே சமயம் வெள்ளிக்கிழமை லீவு கிடைத்ததில் எல்லாருக்கும் சந்தோஷமும் கூட. முடிவு உண்மையாகத்தான் இருக்கிறது. பிறகு எங்கே 'காலி'?

வெண்பலகை

நல்ல கேள்வி. இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். மறுப்புச் சோதனை முடிவைப் பொய்யாக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆதாரத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள பிடியை அது அறுத்தால் போதும். நீங்கள் சொன்ன நிலையில் முடிவு உண்மைதான். ஆனால் ராஜினாமா குறைந்தது என்ற தகவல் அந்த முடிவுக்கு இனி சாட்சி சொல்லாது. அந்தத் தகவலை நம்பி எழுந்த வாதம் படுத்துவிட்டது. முடிவு வேறு ஏதோ காரணத்தால் தற்செயலாக உண்மையாக இருக்கிறது. கேள்வியில் "இந்த வாதம் எதைச் சார்ந்து நிற்கிறது" என்றுதான் கேட்டிருக்கிறார்கள், "இந்த முடிவு" என்று கேட்கவில்லை.

அடுத்து, எழுதியவர் மனதில் வராதது எப்படி எடுகோள் ஆகும் என்றீர்கள். தேர்வில் எடுகோள் என்பது வாதத்தின் சொத்து, ஆளின் சொத்து இல்லை. எழுதியவர் என்ன நினைத்தார் என்று யாரும் விசாரிக்கப் போவதில்லை. அந்த ஆதாரத்திலிருந்து அந்த முடிவுக்கு வரவேண்டுமானால் எவையெல்லாம் உண்மையாக இருந்தே ஆகவேண்டுமோ அவை அத்தனையும் எடுகோள்தான். அவர் யோசித்திருந்தாலும் சரி, யோசிக்காவிட்டாலும் சரி.

இதை ஏற்றுக்கொண்டால் ஒரு வேடிக்கை வெளிவரும். ஒரு வாதத்துக்கு எடுகோள்கள் இத்தனைதான் என்று வரம்பே கிடையாது. "அந்த ஆறு மாதத்தில் வந்த ராஜினாமாக் கடிதங்களில் பாதியை மேலாளர் மேசை டிராயரில் போட்டு மறைக்கவில்லை" என்பதும் உங்கள் வாதத்தின் எடுகோள். "எண்ணிக்கையைப் பதிவு செய்த மென்பொருளில் பிழை இல்லை" என்பதும். "அந்த ஆறு மாதத்துக்குச் சற்று முன்னால் போக நினைத்தவர்கள் எல்லாரும் போய் முடித்துவிடவில்லை" என்பதும். வினா அமைப்பவர் இவற்றிலிருந்து தனக்குப் பிடித்த ஒன்றைப் பொறுக்கிப் போடுவார். அது பத்தியில் இல்லாத விஷயமாக இருக்கிறதே என்று தள்ளினால், சரியான விடையைத் தள்ளிவிட வாய்ப்பு அதிகம். பத்தியில் இல்லாதது என்பதற்காக ஒரு ஆப்ஷனை அடிக்கும் பழக்கம் "பத்தியிலிருந்து எது பெறப்படும்" வகைக் கேள்விகளுக்கு உரியது. அதை இங்கே இழுத்துவரக் கூடாது.

கடைசிபெஞ்ச்

மேசை டிராயர் 😂 எங்க மேனேஜரை எப்படி சார் தெரியும் உங்களுக்கு

சிறுதூறல்

சரி, ஆ எனக்குப் புரிகிறது. ஆனால் இ-யை மனசு விடமாட்டேன் என்கிறது. அது தேவைக்கு மேல் பலமாக இருக்கிறது, அவ்வளவுதானே? அதைச் சேர்த்தால் வாதம் உறுதியாகத்தானே ஆகும்?

வெண்பலகை

ஆகாது. சேர்த்துப் பாருங்கள். மனநிறைவு உள்ளவர் எவரும் ராஜினாமா செய்வதில்லை என்றால், ராஜினாமா செய்தவர் எல்லாரும் மனநிறைவு இல்லாதவர்கள். இதுவரை சரி. இப்போது ராஜினாமா செய்தவர்கள் நூறிலிருந்து ஐம்பது ஆனார்கள் என்று வையுங்கள். மனநிறைவு இல்லாதவர்கள் குறைந்தார்கள் என்று ஆகுமா? மனநிறைவு இல்லாமலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று இ எதுவும் சொல்லவில்லையே. அவர்கள் முன்பு இருநூறு, இப்போது நானூறு என்றுகூட இருக்கலாம்.

ஆக இ, வாதத்துக்குத் தேவையும் இல்லை, போதுமானதும் இல்லை. இரண்டு பக்கத்துச் சொற்களையும் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் நின்றால் அது இணைப்பாகிவிடாது. எந்தத் திசையில் இணைக்கிறது என்று பார்க்க வேண்டும். வினா அமைப்பவருக்கு இந்தக் கவர்ச்சி நன்றாகத் தெரியும். அதற்காகவே இப்படி ஒன்றைச் செய்து வைப்பார்.

உ-வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தக் கேள்வியில் அதிகம் பேர் விழுவது அங்கேதான் இருக்கும். ராஜினாமா எண்ணிக்கை மனநிறைவைப் பற்றி *ஏதாவது* சொன்னால் போதும். அதுவே மிகச் சிறந்த அளவுகோலாக இருக்க வேண்டியதில்லை. கருத்துக்கணிப்பு அதைவிடச் சிறந்ததாக இருந்துவிட்டுப் போகட்டும். மிகச் சிறந்த, ஒரே, எப்போதும், எவரும், முதன்மையான என்று வந்தால் ஒருமுறை நின்று, வாதத்துக்கு அவ்வளவு வேண்டுமா என்று கேளுங்கள். தேவையான எடுகோளைக் கேட்கும் கேள்வியில் சரியான விடை பார்ப்பதற்குப் பெரும்பாலும் நோஞ்சானாகத்தான் இருக்கும்.

புள்ளிக்கோலம்

"நோஞ்சான் விடையை எடு" என்று ஒரு விதியாக வைத்துக்கொள்ளலாமா சார்? பலமான சொல் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டால் நேரம் மிச்சமாகுமே.

வெண்பலகை

கூடாது. வாதமே பலமாகப் பேசினால் எடுகோளும் பலமாகத்தான் இருக்கும். "இந்தப் பூட்டை வேறு எந்தச் சாவியாலும் திறக்க முடியாது, ஆகவே திறந்தவர் சாவி வைத்திருந்தவர்தான்" என்றால், "சாவி இல்லாமல் திறக்க எந்த வழியும் இல்லை" என்ற பலமான வாக்கியம் கட்டாயம் வேண்டும். முடிவில் எவ்வளவு பலம் இருக்கிறதோ அதைப் பார்த்து அளக்க வேண்டும்.

ஒற்றைக்கொம்பு

அதுக்குத்தான் நெகேஷன்னு சொல்றேன். பலம், நோஞ்சான், திசைன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு உக்காந்தா மணி போயிடும். மெஷின் மாதிரி மறுத்துக்கிட்டே போங்க.

வெண்பலகை

மெஷின் மாதிரி ஐந்தையும் மறுத்தால்தான் மணி போகும். எல்சாட்டில் ஒரு பகுதிக்கு 35 நிமிடம்; 24 முதல் 26 கேள்விகள். கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வின் வெர்பல் பகுதியில் 45 நிமிடத்துக்கு 23 கேள்விகள், அதிலும் நீளப் பத்திகளைப் படிக்க வேண்டும். ஐந்து ஆப்ஷனையும் மறுத்து, ஒவ்வொன்றையும் வாதத்தில் பொருத்திப் பார்க்க யாருக்கு நேரம்?

முதலில் பத்தியைப் படித்ததும் ஓட்டை எங்கே என்று விரல் வையுங்கள். இந்தப் பத்தியில் இரண்டு தாவல்கள் இருக்கின்றன. மாற்றத்துக்குப் *பின்* குறைந்தது, ஆகவே மாற்றத்தால்தான் குறைந்தது என்பது ஒன்று. ராஜினாமா குறைந்தது, ஆகவே மனநிறைவு கூடியது என்பது மற்றது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு ஆப்ஷனுக்கு வந்தால் அ-வும் ஈ-யும் வாசலிலேயே நின்றுவிடும். வேறு நிறுவனங்களைப் பற்றி வாதத்துக்குக் கவலை இல்லை, யார் கேட்டு வாங்கினார்கள் என்பதைப் பற்றியும் கவலை இல்லை. மிச்சம் இருக்கும் இரண்டு, மூன்றுக்கு மட்டும் உங்கள் நெகேஷனைப் போடுங்கள். அதன் இடம் அதுதான்.

ஒற்றைக்கொம்பு

விரல் வைக்கத் தெரிஞ்சவங்க இங்க வந்து ஏன் சார் கேக்கப் போறாங்க? ஓட்டை கண்ணுக்குத் தெரியாதவங்களுக்குத்தான் டெக்னிக் வேணும். இன்னொண்ணு, எடுகோளுக்கு வரம்பே இல்லைன்னு நீங்களே சொன்னீங்க. அப்ப முன்கூட்டியே ஊகிச்சு என்ன பிரயோஜனம்? நீங்க ஊகிச்சது ஒண்ணு, ஆப்ஷன்ல வர்றது ஒண்ணு.

வெண்பலகை

விடையை ஊகிக்கச் சொல்லவில்லை. இடத்தைப் பார்க்கச் சொல்கிறேன். "வேறு காரணம் இருக்கலாம்" என்று தெரிந்தால் போதும். அது ஆளெடுப்புச் சரிவா, சம்பள உயர்வா, மேசை டிராயரா என்று வினா அமைப்பவர் முடிவு செய்யட்டும்.

ஏட்டுச்சுரைக்காய்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த விளையாட்டை நம்மவர்கள் எப்போதோ ஆடி முடித்திருக்கிறார்கள். மணிமேகலையின் 29ஆவது காதையில் அளவை (தர்க்கம்) பற்றிப் பேசும் இடத்தைப் பாருங்கள். வாதத்துக்கு ஐந்து உறுப்பு: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடித்துக் கூறல்). இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களைபோல என்பது திட்டாந்தம். எடுத்துக்காட்டைச் சொல்லித்தான் தீரவேண்டும் என்று வைத்துவிட்டதால், "புகை எங்கேயோ நெருப்பும் அங்கே" என்ற பொதுவிதியை யாரும் மறைத்துவைக்க முடியாது. இன்றைய தேர்வுப் பத்திகளில் பக்கத்தையும் ஏதுவையும் மட்டும் கொடுத்துவிட்டு, திட்டாந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு, எதைப் பிடுங்கினேன் சொல் என்கிறார்கள்.

எனவே என் யோசனை: பத்தியைப் படித்ததும் "எதைப்போல?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடுகோள் தானே வெளியே வரும்.

வெண்பலகை

பிரமாதம். ஆனால் அது பாதிக் கேள்விகளுக்குத்தான் உதவும். ஆதாரத்தையும் முடிவையும் கோக்கும் பொதுவிதி விடுபட்டிருந்தால் "எதைப்போல" வேலை செய்யும். சிறுதூறலுடைய கேள்வியில் விடுபட்டது பொதுவிதி அல்ல, ஒரு ஆபத்து இல்லை என்ற உறுதி. மலையில் தெரிவது பனிமூட்டமாக இருந்தால் என்ன செய்வீர்கள்? புகை இருந்தால் நெருப்பு என்ற விதி பத்திரமாக இருக்கிறது, ஆனாலும் வாதம் போய்விட்டது.

ஏட்டுச்சுரைக்காய்

அதற்கும் அதே காதையில் இடம் உண்டு ஐயா! போலிகளை, அதாவது குறையுள்ள வாதங்களை, வகைப்படுத்தும்போது, ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலேயே புகை என்று கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவதைக் குற்றமாகச் சேர்த்திருக்கிறார்கள். "அங்கே தெரிவது பனி அல்ல" என்பதுதான் உங்கள் மொழியில் ஆபத்து இல்லை என்ற உறுதி. சிறுதூறலின் ஆ ஆப்ஷனும் அச்சு அசலாக அதே வகை.

வெண்பலகை

இதற்கு மேல் பேச எனக்கு வாய் இல்லை. அருமை. இந்த இரண்டு வகையையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள் சிறுதூறல்: கோக்கும் எடுகோள், காக்கும் எடுகோள். கோப்பதில் பத்தியின் சொற்கள் வரும். காப்பதில் பத்தியில் இல்லாத சரக்கு வரும், பெரும்பாலும் "அல்ல", "இல்லை" என்று எதிர்மறையில் முடியும்.

புள்ளிக்கோலம்

என்னுடையது வேறு மாதிரித் தேர்வு. வேலைக்கு எடுப்பதற்கு முன் வாட்சன்-கிளேசர் என்ற சிந்தனைத்திறன் தேர்வு வைக்கிறார்கள். அதில் எடுகோள்களை அறிதல் என்று தனிப் பகுதியே இருக்கிறது. ஒரு கூற்று கொடுத்து, கீழே சில வாக்கியங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 'எடுத்துக்கொள்ளப்பட்டது', 'எடுத்துக்கொள்ளப்படவில்லை' என்று குறிக்கச் சொல்வார்கள். ஐந்தில் ஒன்று என்ற கதையே கிடையாது, ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுத் தள்ளவும் முடியாது. ஒவ்வொன்றும் தனித்தனி நீதிமன்றம். சில தேர்வுகளில் ஆதாரம், முடிவு என்றுகூட இருக்காது, வெறும் அறிவிப்புதான். உதாரணத்துக்கு:

கூற்று: "படிக்கட்டு ஈரமாக இருக்கிறது. லிஃப்டைப் பயன்படுத்தவும்."
1. லிஃப்ட் இயங்கும் நிலையில் இருக்கிறது.
2. இந்த அறிவிப்பைப் பார்ப்பவர்கள் எல்லாரும் அதன்படி நடப்பார்கள்.
3. ஈரமான படிக்கட்டில் போவதில் ஏதோ இடைஞ்சல் உண்டு.
4. லிஃப்ட் எப்போதும் படிக்கட்டைவிடப் பாதுகாப்பானது.

முடிவே இல்லாத இடத்தில் எதை மறுத்து எது விழுகிறது என்று பார்ப்பது?

வெண்பலகை

செய்யச் சொல்வதை முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். "ஆகவே லிஃப்டைப் பயன்படுத்துவது நல்லது." லிஃப்ட் ஓடவில்லை என்றால் அறிவிப்பு பைத்தியக்காரத்தனம், 1 உண்டு. ஈரத்தால் ஒரு இடைஞ்சலும் இல்லை என்றால் முதல் வாக்கியத்தைச் சொன்னதே வீண், 3 உண்டு. 4-இல் 'எப்போதும்' தேவையில்லை, இன்றைக்கு, இந்தப் படிக்கட்டுக்கு இருந்தால் போதும். 2-இல் 'எல்லாரும்' தேவையில்லை. அறிவிப்பு வைப்பவர் சிலராவது படித்து நடப்பார்கள் என்று எதிர்பார்க்கிறார், அவ்வளவே.

கடைசிபெஞ்ச்

2-ல 'எல்லாரும்'ங்கறதை எடுத்துட்டு "பார்ப்பவர்கள் அதன்படி நடப்பார்கள்"னு மொட்டையா குடுத்தா? அங்கதான் எனக்கு அடி விழுது.

வெண்பலகை

அது வினா அமைத்தவரின் சோம்பேறித்தனம். மொட்டையாகக் கொடுத்தால் பொதுவாக 'உண்டு' என்றே விடை வைப்பார்கள், ஏனென்றால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று நினைப்பவர் அறிவிப்பு ஒட்டமாட்டார். ஆனால் கறாரான தர்க்கம் பார்க்கும் தேர்வில் இப்படி மொட்டை வாக்கியம் வருவது குறைவு. நீங்கள் எழுதப்போகும் தேர்வின் பழைய தாள்களைப் பார்த்து அவர்கள் கை எப்படி என்று தெரிந்துகொள்வதுதான் வழி. எனக்கு இந்த வகைக் கேள்விகளில் பெரிய மரியாதை கிடையாது. பாதி தர்க்கம், பாதி வழக்கம்.

சிறுதூறல்

மறுபடி என் பக்கம் வருகிறேன். சில கேள்விகளில் "எதைச் சார்ந்திருக்கிறது" என்று கேட்காமல், "எதை எடுத்துக்கொண்டால் முடிவு கட்டாயம் பெறப்படும்" என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று ஒரே மாதிரி செய்துகொண்டிருந்தேன்.

ஒற்றைக்கொம்பு

ஐயோ இல்ல மேடம்! அங்க நெகேஷன் போட்டா கதை கந்தல். இதை நானே ஒத்துக்கறேன் 😄

வெண்பலகை

ஒற்றைக்கொம்பு சொல்வது சரி. அது எதிர்த் திசைக் கேள்வி. அங்கே தேவையானதைத் தேட வேண்டாம், போதுமானதைத் தேடுங்கள். பலமாக இருந்தால் பயப்படவும் வேண்டாம். ஒரு பத்தி:

"இந்தத் தொகுப்பில் உள்ள கட்டுரைகள் எல்லாம் தணிக்கைக்குப் பிறகு வெளியானவை. ஆகவே இவற்றில் எதுவும் முழு உண்மையைச் சொல்லவில்லை."

முடிவு கட்டாயம் வரவேண்டும் என்றால் "தணிக்கைக்கு உட்பட்ட எந்தக் கட்டுரையும் முழு உண்மையைச் சொல்லாது" என்பதைச் சேர்க்கலாம். உலகத்தில் உள்ள எல்லாத் தணிக்கைக் கட்டுரைகளையும் பற்றிப் பேசுகிறது, தேவைக்கு மிக அதிகம், ஆனாலும் சரியான விடை. சேர்த்த கணமே முடிவு பூட்டிக்கொள்கிறது.

அதே பத்திக்கு "எதைச் சார்ந்திருக்கிறது" என்று கேட்டால் இந்த வாக்கியம் தப்பு விடை ஆகிவிடும். வேறெங்கோ, வேறொரு தொகுப்பில், தணிக்கையைத் தாண்டியும் முழு உண்மை சொன்ன கட்டுரை ஒன்று இருந்தால் இந்த வாதத்துக்கு என்ன வந்தது? இங்கே தேவையானது "தணிக்கை செய்வதால் கட்டுரையிலிருந்து உண்மையில் ஒரு பகுதியாவது சில வேளைகளில் போகிறது" என்ற அளவில்தான் இருக்கும்.

இரண்டு கேள்வியிலும் விடாமல் வரும் பொறி, திருப்பிப் போட்டது: "முழு உண்மையைச் சொல்லாத கட்டுரைகள் எல்லாம் தணிக்கைக்கு உட்பட்டவை." சொற்கள் எல்லாம் அதேதான், ஒன்றுக்கும் உதவாது. உங்கள் இ-க்கு உடன்பிறப்பு.

கேள்வி வாக்கியத்தை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போவது என் வழக்கம். இந்த இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கவே அது போதும்.

புள்ளிக்கோலம்

மறுப்பது எப்படி என்றே சிலருக்குக் குழப்பம் இருக்கிறது, அதையும் யாராவது எழுதிப் போடலாமே. "எல்லாரும்" என்பதன் மறுப்பு "ஒருவரும் இல்லை" என்று போட்டுவிட்டு அலைகிறார்கள்.

ஒற்றைக்கொம்பு

இது என் ஏரியா. எல்லாரும்னா மறுப்பு: ஒருத்தராவது அப்படி இல்ல. ஒருத்தரும் இல்லைன்னா மறுப்பு: ஒருத்தராவது இருக்காங்க. சிலர்னா: ஒருத்தர்கூட இல்ல. பெரும்பாலானவங்கன்னா: பாதி, இல்ல பாதிக்கும் கம்மி. "மழை பெஞ்சா ஆட்டம் நிக்கும்"னா "மழை பெய்யலைன்னா நிக்காது" கிடையாது. "மழை பெஞ்சும் ஆட்டம் நடக்கலாம்"தான் மறுப்பு. அவசியம்னா அவசியமில்ல. முடியும்னா முடியாது. கறுப்புன்னா வெள்ளை இல்ல, 'கறுப்பு அல்லாதது', அது சாம்பலாவும் இருக்கலாம்.

வெண்பலகை

நன்றாகச் சொன்னீர்கள். சிறுதூறல், பழக ஒரு கேள்வி தருகிறேன். தகவல்கள் உண்மையானவை, வாதம் மட்டும் நான் கட்டியது.

"பிரஷ்யன் நீலம் என்ற நிறமி 1706 வாக்கில் பெர்லினில்தான் முதலில் உருவானது. ரெம்ப்ராண்ட் 1669இல் இறந்துவிட்டார். நமக்கு வந்திருக்கும் இந்த ஓவியத்தில் பிரஷ்யன் நீலம் இருக்கிறது. ஆகவே இதை ரெம்ப்ராண்ட் வரைந்திருக்க முடியாது."

எதைச் சார்ந்து நிற்கிறது?

அ) ரெம்ப்ராண்ட் தன் ஓவியங்களில் நீல நிறத்தைப் பயன்படுத்துவதைத் தவிர்த்தார்.
ஆ) ஓவியத்திலுள்ள பிரஷ்யன் நீலத்தில் எந்தப் பகுதியும் பிற்காலத்தில் செப்பனிட்டவர்கள் சேர்த்ததல்ல.
இ) ஓவியத்திலுள்ள பிரஷ்யன் நீலம் முழுவதுமே பிற்காலத்தில் செப்பனிட்டவர்கள் சேர்த்ததல்ல, குறைந்தது ஒரு பகுதியாவது ஓவியம் வரையப்பட்டபோதே இடம்பெற்றது.
ஈ) 1706க்குப் பிறகு வரையப்பட்ட ஓவியங்களில் பெரும்பாலானவற்றில் பிரஷ்யன் நீலம் உண்டு.
உ) நிறமியைச் சோதிப்பதைத் தவிர ஓவியத்தின் காலத்தைக் கணிக்க நம்பகமான வழி வேறில்லை.

கடைசிபெஞ்ச்

ஆ. அடுத்தது?

ஒற்றைக்கொம்பு

நானும் ஆ-ன்னுதான் சொல்லுவேன். செப்பனிட்டவங்க பூசியிருந்தா வாதம் அவுட். இ சும்மா வளவளன்னு அதையேதான் சொல்லுது.

சிறுதூறல்

இல்லை, இ. உங்கள் நெகேஷனையே போடுகிறேன் ஒற்றைக்கொம்பு.

ஆ-வை மறுத்தால்: "பிரஷ்யன் நீலத்தில் ஏதோ ஒரு பகுதி பிற்காலத்தில் சேர்த்தது." ஒரு மூலையில் விரிசலை மூடக் கொஞ்சம் பூசினார்கள் என்று வையுங்கள். வானம் முழுக்க முதலிலிருந்தே அதே நீலம்தான் என்றால் ரெம்ப்ராண்ட் வரைந்திருக்கவே முடியாது. வாதம் அப்படியே நிற்கிறது. அதனால் ஆ தேவையில்லை.

இ-யை மறுத்தால்: "அத்தனை நீலமும் பிற்காலத்தில் சேர்த்ததே." அடியில் இருப்பது ரெம்ப்ராண்டாக இருக்கலாம். வாதம் போச்சு.

அ-வும் உ-வும் பார்த்த உடனே தள்ளினேன். அவர் நீலம் பூசினாரா, இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. இந்த நீலம் அவர் காலத்தில் இல்லை. உ பழைய 'மிகச் சிறந்த அளவுகோல்' பொறிதான். ஈ-யில் மட்டும் ஒரு கணம் நின்றேன். 1706க்குப் பிந்தைய ஓவியங்களில் எத்தனையில் இந்த நீலம் இருந்தால் என்ன, இதில் இருக்கிறது, அது போதும்.

ஒற்றைக்கொம்பு

'எந்தப் பகுதியும்'கறதை நான் 'முழுசும்'னு படிச்சிருக்கேன் போல. என் ஆயுதத்தாலேயே என்னை வெட்டிட்டீங்க 🙏

வெண்பலகை

அதே கண்ணோடு உங்கள் பழைய கேள்வியின் ஆ-வைத் திரும்பிப் பாருங்கள். "ஆளெடுப்பு சரிந்தது *மட்டுமே* காரணம் அல்ல" என்று போட்டிருக்கிறார்கள். "ஆளெடுப்புச் சரிவுக்கு எந்தப் பங்கும் இல்லை" என்று போட்டிருந்தால் அது தேவையற்றதாகியிருக்கும். ஒரு சொல்லில் விடை இங்கிருந்து அங்கே போய்விடுகிறது. இந்தச் சொற்களை நிதானமாகப் படிக்க நேரம் வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற ஆப்ஷன்களை வாசலிலேயே நிறுத்தச் சொல்கிறேன்.

கடைசிபெஞ்ச்

சரி சார், நானும் ஒண்ணு தர்றேன். "விபத்தில் சிக்கிய கார்களில் 60 விழுக்காடு வெள்ளை நிறம். ஆகவே மற்ற நிறக் கார்களைவிட வெள்ளைக் கார் விபத்தில் சிக்கும் வாய்ப்பு அதிகம்." சாலையில் ஓடும் கார்களில் வெள்ளை 60 விழுக்காட்டுக்குக் குறைவு. அதுதானே எடுகோள்? மறுத்தா, 60, இல்லைன்னா அதுக்கு மேல. வாதம் க்ளோஸ்.

சிறுதூறல்

அதுதான். ஆனால் ஆப்ஷனில் "கார்களில் பாதிக்கும் குறைவானவையே வெள்ளை" என்று வந்தால் எடுக்காதீர்கள். 55 விழுக்காடு இருந்தாலும் வாதம் நிற்கும்.

புள்ளிக்கோலம்

கார்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதுமா? வெள்ளைக் கார்கள் எல்லாம் வாடகைக்கு ஓடி, மற்றவற்றைவிடப் பல மடங்கு தூரம் போகின்றன என்றால்?

சிறுதூறல்

முடிவைத் திரும்பப் படியுங்கள். "வெள்ளைக் கார் விபத்தில் சிக்கும் வாய்ப்பு அதிகம்" என்று மட்டும்தான் இருக்கிறது. அதிக தூரம் ஓடுவதால் சிக்கினாலும் வாய்ப்பு அதிகம்தான். "வெள்ளை நிறமே ஆபத்து" என்று முடிவு இருந்திருந்தால், உங்கள் வாடகைக் கார் உள்ளே வந்திருக்கும்.